அக்கியானம் என்றொரு சொல்லும் 99 கடிதங்களும்

போன மாசம் ஊரில் அப்பாயியின் பதினாறாம் நாள் காரியம். இலை போட்டுப் படைத்துவிட்டு எல்லாரும் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் அத்தை மகன், எனக்கு ஆறு வயது மூத்தவர், அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்தவராகிவிட்டவர். அப்பாயி படுக்கையில் கிடந்த எட்டு மாசமும் வாரம் தவறாமல் வந்து பார்த்ததும் அவர்தான், இதையும் சொல்லிவிட வேண்டும். பெரியப்பா விடவில்லை. "ஒரு தடவை கும்பிட்டா என்னய்யா குறைஞ்சு போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அத்தான் கையை உதறிக்கொண்டு, "இந்த அஞ்ஞான வேலைக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க மாமா" என்றார்.

பந்தலில் இருபது பேர் இருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "பால்பவுடருக்கு மாறினவங்க ஞானத்தைப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மாறியது எதற்கும் ஆசைப்பட்டு அல்ல, ஒரு காசு அவர் வாங்கியதில்லை என்பது எனக்கே தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரெண்டு நாள் தூக்கம் சரியில்லை. என் வழக்கப்படி, மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். (இந்தத் தளத்தை ரொம்ப நாளாக வாசிப்பவர்களுக்கு இந்த வியாதி தெரியும்.) தேடிப் போன இடம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். தரங்கம்பாடி.

தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் வந்தது 1620-ல். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு இடம் வாங்கி, டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். வந்தது வியாபாரத்துக்கு. சமயப் பிரசாரம் என்று யாரும் அனுப்பப்பட்டது அதற்கு 86 வருஷம் கழித்து. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. தமிழில் ஓர் எழுத்து தெரியாது.

கோட்டையிலிருந்த டேனிஷ் அதிகாரிக்கே இவர்களைப் பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தார். தகராறு முற்றி, 1708 நவம்பரில் சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டைக்குள்ளேயே நான்கு மாதம் சிறையில் போட்டார். ராஜா அனுப்பிய ஆளை ராஜாவின் கோட்டையிலேயே பூட்டி வைத்த கதை தனியாக எழுத வேண்டியது. இங்கே வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தமிழ் படித்த விதம். எழுபது வயதை ஒட்டிய ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். பேச்சுத் தமிழுக்கு அழகப்பன் என்ற துபாஷியை வைத்துக்கொண்டார். ஜெர்மன் ஆவணங்களில் அவர் பெயர் 'அலெப்பா'. டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்தவர், போர்த்துக்கீசியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்தவர்.

அப்புறம் ஓலைச்சுவடி. கண்டதையெல்லாம் வாங்கினார், எழுதி எடுக்க ஆள் வைத்தார். தன் எழுத்தர்களைப் பல நாள் பயணமாக உள்ளூர்ப் பகுதிகளுக்கு அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்து மலிவாகச் சுவடி வாங்கியதை அவரே எழுதியிருக்கிறார். (வாசிக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.) வந்து இரண்டே வருஷத்தில், 1708-ல், தன்னிடம் இருந்த நூல்களுக்கு ஓர் அட்டவணை போட்டார். 'பிப்லியோதேக்கா மலபாரிக்கா' என்று பெயர். அப்போது ஐரோப்பியர்கள் தமிழர்களை 'மலபாரிகள்' என்றுதான் சொன்னார்கள், கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கிறிஸ்தவம் சாராத தமிழ் நூல்கள் மட்டும் 119. திருக்குறள் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது. உ.வே.சா. பிறப்பதற்கு 147 வருஷத்துக்கு முன்னால் போட்ட பட்டியல் இது.

அதே 1708-ல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அதன் முகவுரையில் அவர் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறார். சுருக்கிச் சொன்னால்: முதலில் வந்தபோது, இவர்கள் மொழிக்கு இலக்கணம் இருக்கும் என்றோ, இவர்கள் வாழ்க்கைக்கு ஒரு ஒழுங்கும் சட்டமும் இருக்கும் என்றோ தன்னால் நினைக்க முடியவில்லை, இவர்கள் செய்வதையெல்லாம் தப்பாகவே எடுத்துக்கொண்டேன், மொழி தெரிந்து நூல்களைப் படித்த பிறகுதான் அது மாறியது. இதை எழுதியவர் மதம் மாற்ற வந்த மனுஷன். தன்னை அனுப்பியவர்கள் படிக்கப் போகிற முகவுரையில் எழுதுகிறார். அந்தக் காலத்தில் இது சாதாரணம் இல்லை, இந்தக் காலத்திலும்தான்.

ஆனால் கதை இப்படி ஒரே நேர்கோட்டில் போகவில்லை.

1712-ல் இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சு இயந்திரம் வந்தது. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. தமிழ் அச்சடிக்கலாம் என்று ஆனதும் தரங்கம்பாடியில் முதலில் அடித்த புத்தகம் எது? வேதாகமம் இல்லை. அது 1715-ல்தான், அதுவும் புதிய ஏற்பாடு மட்டும். முதலில் அடித்தது ஒரு சின்னப் பிரசுரம், 1713-ல். அக்கியானம் எவ்வளவு அருவருக்கத்தக்கது, அதில் கிடப்பவர்கள் எப்படிக் கரையேறலாம் என்பது அதன் பொருள்.

அக்கியானம் என்பது நம்ம அஞ்ஞானம்தான், அப்போதைய உச்சரிப்பு. அத்தான் பந்தலில் சொன்ன சொல். சீகன்பால்கு இதைப் புதிதாக உண்டாக்கவில்லை. அவருக்கு முன்னால் தமிழில் எழுதிய கத்தோலிக்கர்களின் புத்தகங்களிலிருந்து கிறிஸ்தவத் தமிழ்ச் சொற்கள் பலவற்றை எடுத்துக்கொண்டார், இதுவும் அந்த வழக்கில் இருந்த சொல்தான். கிறிஸ்தவம் அல்லாத, யூதமும் இஸ்லாமும் அல்லாத எல்லாவற்றுக்கும் ஐரோப்பியர்களிடம் ஒரு சொல் இருந்தது. அதற்குத் தமிழில் ஒரு சொல் தேவைப்பட்டது. அக்கியானம் அந்த இடத்தில் உட்கார்ந்தது.

இங்கேதான் வேடிக்கை. 1713-ல் ஒரு சைவர் அந்தப் பிரசுரத்தைக் கையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அஞ்ஞானம் என்றால் என்ன? உயிரை மறைத்திருக்கும் அறியாமை. அது அவருக்கும் உண்டு, அவர் குருவுக்கும் ஒரு காலத்தில் இருந்தது, எதிரே நிற்கிற பாதிரியாருக்கும் உண்டு. அது ஒரு மதத்தின் பேர் இல்லை. எல்லாருக்கும் இருக்கிற நிலைமையின் பேர். "அக்கியானத்தை விடு" என்று சொன்னால் அவர், "நானும் அதுக்குத்தானே சாமி பாடுபடுறேன்" என்றுதான் பதில் சொல்வார். சொன்னவர் நினைத்ததோ, "உன் கோயிலை விடு" என்று. ரெண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆளுக்கொரு பொருளோடு. இதில் சண்டை வந்தால்கூடப் பரவாயில்லை. சண்டையே வராமல், ஒருத்தரை ஒருத்தர் புரிந்துகொண்டோம் என்று நினைத்துப் பிரிந்து போவதும் நடக்கும்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. 'பறங்கி' என்று ஒரு சொல் இருந்தது. போர்த்துக்கீசியரில் ஆரம்பித்து, அவர்களோடு சேர்ந்தவர்கள், மாடு தின்பவர்கள், குடிப்பவர்கள், குளிக்காதவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். கிறிஸ்தவனாவது என்றால் பறங்கியாவது. சீகன்பால்கு வருவதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, "நான் பறங்கி இல்லை" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைச் செலவழித்தார். காவி கட்டிக்கொண்டார், மரக்கறி சாப்பிட்டார். பறங்கி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எதிராளி பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. அக்கியானி என்று சொன்னாலும் அப்படித்தான். பால்பவுடரும் அதே வகையறா, வேறென்ன.

இனிமேல்தான் கடிதங்கள்.

பிரசுரம் அச்சான அதே சமயத்தில்தான் இந்த வேலையும் நடக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். 1712-லிருந்து 1714 வரை, சீகன்பால்குவும் அவரோடு இருந்த யோஹன் எர்ன்ஸ்ட் கிரண்ட்லரும், தரங்கம்பாடியிலும் வெளியிலும் இருந்த படித்த தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், பாவம் என்பது எது, மோட்சத்துக்கு வழி என்ன என்பதிலிருந்து கல்வி, வைத்தியம், கல்யாணம் வரைக்கும். எங்களைப் பற்றி, எங்கள் மார்க்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதும் அதில் உண்டு. பதில்கள் தமிழில் வந்தன. அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே மிஷன் அறிக்கைகளின் பகுதியாக 55 கடிதங்கள் 1714-லும், 44 கடிதங்கள் 1717-லும் அச்சாயின. ஆக 99. 'மலபார் கடிதப் போக்குவரத்து' என்று அதற்குப் பெயர்.

எழுதியவர்கள் பெயர் அதில் இல்லை. பல கடிதங்கள் அந்தத் துபாஷி அழகப்பன் எழுதியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை, ஜெர்மன் மட்டும்தான் இருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊர்க்காரர்கள் தங்கள் சாமியைப் பற்றித் தங்கள் உரைநடையில் எழுதியது, அதுவும் செய்யுள் இல்லாத சாதாரண விளக்கம், இன்று நமக்கு வேண்டுமென்றால் ஜெர்மனிலிருந்து திருப்பித்தான் எடுக்க வேண்டும். 1998-ல் கூர்ட் லீபாவ் என்ற அறிஞர் அவற்றில் ஒரு தேர்வைத் தொகுத்துப் பதிப்பித்தார்.

என்ன பதில் சொன்னார்கள்? ஒரு பதில் திரும்பத் திரும்ப வருகிறது: நாங்களும் ஒரே பரம்பொருளைத்தான் நம்புகிறோம், மற்ற தெய்வங்கள் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். ராஜாவுக்கு மந்திரி, அதிகாரி இருப்பது மாதிரி. நீங்கள் கும்பிடுவதும் அவரைத்தான், பேர்தான் வேறே. இந்தப் பதில் ஐரோப்பியர்களுக்கு ரொம்பச் சங்கடம் கொடுத்திருக்கும். பல கடவுள் என்று சொன்னால் மறுக்கலாம். ஒரே கடவுள் என்று சொல்லிவிட்டு, அப்புறமும் பிடாரிக்குக் கிடா வெட்டுபவர்களை என்ன செய்வது?

இன்னொரு பதில், ஐரோப்பியர்களின் நடத்தை. பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை. உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம், அதைப் படித்த நீங்கள் இப்படி இருக்கிறீர்களே? இந்த மாதிரிக் கடிதங்களையும் சீகன்பால்கு மறைக்காமல் மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார். ஹாலேயில் அதை அச்சும் போட்டிருக்கிறார்கள்.

இப்படி எழுத எப்படித் துணிந்தார்கள் என்று நமக்குத் தோன்றும். பின்னாடி வந்த வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்தை நினைத்துக்கொண்டு பார்ப்பதால் வருகிற ஆச்சரியம் இது. 1712-ல் தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் தஞ்சாவூர் மராட்டிய அரசுக்கு வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஊருக்கு வெளியே நாலு மைல் போனால் அவர்கள் சட்டம் செல்லாது. பயப்படுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் ஏறக்குறைய சமமான தரை. பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தரை போய்விட்டது. அப்போது நடந்த கண்டனங்களின் தொனியே வேறே.

கடிதங்களோடு இன்னொரு தொகுப்பையும் வைத்துப் பார்க்க வேண்டும். சீகன்பால்கு ஊர் ஊராகப் போய் பிராமணர்களோடும் மற்றவர்களோடும் நேரில் நடத்திய உரையாடல்களையும் எழுதி வைத்திருக்கிறார். 34 உரையாடல்கள் 1719-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தன. இவற்றையும் கடிதங்களையும் அடுத்தடுத்து வாசித்தால், எழுதியவர் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும். நேர்ப்பேச்சில் அவர் பிரசங்கியார். எதிராளி, "அவரவர் மார்க்கத்தில் இருந்தே அவரவர் கரையேறலாம்" என்று சொல்லி முடிக்கப் பார்ப்பார், இவர் விடமாட்டார். சிவவாக்கியர் பேரில் இவருக்கு அலாதிப் பிரியம். விக்கிரக வழிபாட்டைத் தாக்க அவர்கள் நூலையே அவர்கள்மேல் திருப்புவார். பெரும்பாலும் கடைசி வார்த்தை பாதிரியாருடையது. எழுதினவரும் அவர்தானே.

ஏன் இந்த வித்தியாசம்? என் ஊகம் இது. நேரில் பேசும்போது சுற்றிலும் கூட்டம். பிராமணர் தோற்கக்கூடாது, பாதிரியாரும் தோற்கக்கூடாது. எதிரில் நிற்பவருக்குப் பதில் சொல்வதாகப் பேர், உண்மையில் பேசுவது பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக. கடிதத்தில் அது இல்லை. கேள்வி வருகிறது, இரண்டு நாள் யோசிக்கலாம், எழுதலாம், கிழித்துப் போடலாம். (ஓலையைக் கிழிக்க முடியாதுதான்.) அதைவிட முக்கியம், கேட்பவர் "இது தப்பு, ஏன் செய்கிறாய்" என்று ஆரம்பிக்கவில்லை. "இது என்ன, சொல்லு" என்று ஆரம்பிக்கிறார். உள்ளுக்குள் தப்பு என்றுதான் நினைத்தார், சந்தேகமே வேண்டாம், கடைசி வரைக்கும் அவர் கொள்கையில் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் கேள்வி அப்படி இருந்ததால் பதில் வந்தது.

பதில் வந்ததால் அவர் எழுத்தும் மாறியது. 1713-ல், அதாவது அக்கியானப் பிரசுரம் வந்த அதே வருஷம், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஒரு பெரிய ஜெர்மன் நூலாக எழுதி முடித்தார். அந்த நூலின் வரிசையைப் பாருங்கள்: முதலில் பராபரவஸ்து, அப்புறம் மும்மூர்த்திகள், அப்புறம் கிராம தேவதைகள், அப்புறம் தேவர்கள். மேலே ஒரு பரம்பொருள், கீழே மற்றவர்கள். கடிதத்தில் தமிழர்கள் சொன்ன அதே வரிசை. தன் கண்ணுக்குப் பட்டபடி இல்லாமல், நம்புகிறவர்கள் சொன்னபடி அடுக்கியிருக்கிறார். ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று நம்ம ஊர் எல்லைச் சாமிகளுக்கு முழுசாக ஒரு பகுதி. அந்தக் காலத்தில் நம்ம பண்டிதர்களே இவர்களைப் பற்றி உட்கார்ந்து எழுதவில்லை.

ஹாலேக்கு அனுப்பினார். அங்கே மிஷனின் பெரிய மனிதர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. மிஷனரிகளை அனுப்பியது இந்தியாவில் அக்கியானத்தை ஒழிக்க, அக்கியானக் குப்பையை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பதிவு. நூல் பெட்டிக்குள் போனது. 154 வருஷம் கழித்து, 1867-ல்தான் வில்ஹெல்ம் கெர்மான் அதை அச்சேற்றினார், அதுவும் மெட்ராஸில். 1711-ல் எழுதிய இன்னொரு நூல் வெளிவந்தது 1926-ல், ஆம்ஸ்டர்டாமில்.

கடிதங்களை அச்சடித்த ஹாலே, இந்த நூலை ஏன் தடுத்தது? கடிதத்தை வாசிக்கும் ஜெர்மானியர், 'பாவம், இந்த மக்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டு மிஷனுக்குக் காணிக்கை போடலாம். பேசுவது அக்கியானி. வம்சாவளியில் பேசுவது தங்கள் ஆள். எதிராளி சொன்னதை எதிராளியே ஒத்துக்கொள்ளும்படி, கேலி இல்லாமல், வரிசையாக எடுத்துச் சொல்கிறார். சொந்தக் கூட்டத்துக்கு அதுதான் பொறுக்காது. எதிர்க்கட்சி சொல்வதைச் சரியாக எடுத்துச் சொன்னாலே 'நீ அந்தப் பக்கமா' என்று கேட்பது இன்றைக்கும் நடக்கிறதே.

சொற்களின் கதை அதற்கப்புறமும் ஓடிக்கொண்டே இருந்தது. கடவுளுக்குச் சீகன்பால்கு வைத்த சொல் சர்வேசுரன், அதுவும் கத்தோலிக்கத் தமிழில் இருந்ததுதான். சைவக் காதுக்கு அதில் ஈசுரன் கேட்கும். பின்னால் வந்த ஃபாப்ரீஷியஸ் பராபரன் என்று மாற்றினார். 1871-ல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன். தேவன் என்றால் நமக்கு முப்பத்து முக்கோடியில் ஒருத்தர், இந்திரன் சபையில் உட்கார்ந்திருப்பவர். ஒரே கடவுளைச் சொல்ல அந்தச் சொல்லா என்று பண்டிதர்கள் சண்டை போட்டார்கள். இப்போது கத்தோலிக்க விவிலியத்தில் கடவுள். ஒரு சொல்லைத் தேடி முந்நூறு வருஷம்! இதில் எனக்குப் பிடித்தது, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் மாதாகோயிலை வேதக்கோயில் என்பதும் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பதும். நாலு வேதம் வைத்திருந்தவர்களிடமிருந்து அந்தச் சொல் எப்படி இடம் மாறியது பாருங்கள். யாரும் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. இந்தப் பேச்செல்லாம் காற்றில் போகிற பேச்சு இல்லை, குடும்பத்தில் வந்து முடிந்தது. கணபதி வாத்தியார் என்று ஓர் இளம் கவிஞர் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்றபோது வீட்டாரும் உறவும் கடுமையாக எதிர்த்தார்கள். பாதிரியாரின் அறிக்கையில் அது ஓர் ஆத்துமாவின் கதை. அந்தக் கணபதியின் அம்மாவோ அத்தை மகனோ எழுதிய கடிதம் எதுவும் நம்மிடம் இல்லை. இருந்தால் அந்தப் பந்தலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்திருக்கும்.

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். 36 வயது. முந்தின வருஷம் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். ஆராதனை முடிந்து பாட்டிமார்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கல்லறைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கோட்டைப் பக்கம் நடந்து, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து அத்தானுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். முதலில் பால்பவுடர் விஷயத்துக்கு மன்னிப்பு. அடுத்து ஒரு கேள்வி: "அன்னைக்கு அஞ்ஞானம்னு சொன்னீங்களே அத்தான், அதுல நீங்க என்ன நினைச்சுச் சொன்னீங்க? சண்டைக்குக் கேக்கல."

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பதினொரு நிமிஷக் குரல் பதிவு. தான் சொன்னது படையலை இல்லை, பெரியப்பா கையைப் பிடித்து இழுத்ததைத்தான் என்று ஆரம்பித்து, பாதி தூரம் அப்பாயியைப் பற்றியே பேசியிருந்தார். ஒத்துக்கொள்ள முடியாத விஷயம் அதில் நிறைய இருக்கிறது. கடைசியில் அவர் பங்குக்கு ஒரு கேள்வி: "நீ அன்னைக்கு இலை முன்னாடி விழுந்து கும்பிட்டியே, யாரைக் கும்பிட்ட? அப்பாயியையா, சாமியையா?"

நாலு நாளாக யோசிக்கிறேன். இன்னும் எழுதவில்லை.